பார்ப்பதுதான் எங்கள் வேலை

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் ஜன்னல் விளிம்பில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்ப்பார். வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு தலையணை! ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னால் நம்பவே முடியவில்லை. என் கணவருக்குப் பட்டறை வேலை கிடைத்து நாங்கள் வந்திறங்கிய இந்தச் சின்ன ஊரில், கருப்புத் தோலோடு நடமாடிய பெண் அப்போது நான் ஒருத்திதான். கதவைத் திறந்ததிலிருந்து தெருமுனை திரும்பும்வரை அவர் கண் என் மேல்தான் இருக்கும். சிரிப்பும் கிடையாது, முறைப்பும் கிடையாது. சில நாள் பொறுத்தேன். பிறகு ஒரு காலையில் நடுத்தெருவில் நின்று அவரை நெற்றியிலிருந்து தலையணைவரை நிதானமாகப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆணாக இருந்தால் உள்ளே ஓடியிருப்பான். இவரோ, "ஏதாவது தேடுகிறீர்களா?" என்று கேட்டார். தெரிந்த நாலு ஜெர்மன் சொற்களைக் கூட்டி, "இல்லை, உங்களைத்தான் பார்க்கிறேன்" என்றேன். "ஷோன்!" என்று மகிழ்ந்துபோய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நல்லது, அழகு என்று அதற்குப் பொருள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே ஆயுதம் அது.

அந்த ஆயுதம் என் கைக்கு வந்தது 1991இல். எனக்குச் சொந்த ஊர் மண்ணூர். பத்தாவது முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருந்த ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். வண்டி எஞ்சினில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையங்கள் அங்கே தயாராகும். ஆண்கள் மெஷினில் நிற்பார்கள். பெண்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஒவ்வொரு வளையத்தையும் டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, உள்விளிம்பு, வெளிவிளிம்பு, முன்பக்கம், பின்பக்கம் என்று திருப்பிப் பார்த்து, ஓகே, சரிசெய்தால் தேறுகிற ரீவொர்க், தேறாத ரிஜெக்ட் என்று மூன்று டிரேக்களில் பிரித்துப் போட வேண்டும். எட்டு மணி நேரமும் பார்ப்பதுதான் வேலை. ஆனால் கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். கூட்டுரோட்டு டீக்கடைப் பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிளில் போகும் எங்கள் ஐந்து பேரையும் அவர்கள் பார்ப்பார்கள். எங்களில் மூத்தவள் காஞ்சனாக்கா, இரண்டு பிள்ளைக்காரி, நல்ல சிவப்பு. அவளைக் கண்டால் பெஞ்சிலிருந்து பாட்டு வரும். என்னைக் கண்டால் ஏகாம்பரம் என்கிற லாரி கிளீனர், "தார் ரோடு போவுது பார்றா" என்பான். அப்போதுதான் அந்தச் சாலைக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். பெஞ்சே சிரிக்கும். அவள் மேல் விழுந்த பார்வை தின்கிற பார்வை, என் மேல் விழுந்தது துப்புகிற பார்வை. இரண்டையும் துடைத்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேருவோம்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது என் அண்ணன் அந்தோணி தட்டைத் தள்ளி வைத்தான். "மேரி, நாளைலேர்ந்து நீ வேலைக்குப் போவ வேணாம். டீக்கடையில உன்னப் பத்தி கண்டபடி பேசிக்கினு கீறானுங்க."

"அவனுங்க பேசுனா நான் ஏண்ணா வூட்ல குந்தணும்?"

"மொதல்ல அவனுங்க வாய மூடட்டும். அப்பால நீ போ."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் வீட்டில் அண்ணன் சொன்னால் சொன்னதுதான். அப்பா வீட்டுக்கும் புருஷன் வீட்டுக்கும் நடுவே எனக்கென்று கிடைத்த ஒரே இடம் அந்த டியூப் லைட்டின் கீழ்தான். அங்கே நான் கருப்பா சிவப்பா என்று யாரும் கேட்டதில்லை. என் கண் சரியாக இருந்தால் போதும்.

கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மறுநாள் கிளம்பினேன். காஞ்சனாக்காவிடம் சொன்னபோது அவள் வளையத்தைத் திருப்பிக்கொண்டே, "அவனுங்களும் இன்ஸ்பெக்‌ஷன்தான்டி பண்றானுங்க. ஆனா ஒருத்தனுக்கும் ஒழுங்காப் பாக்கத் தெரியல" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "எப்படிப் பாக்கணும்னு நாம போயி காட்டுவோமா?" என்று கேட்டாள்.

ஷிஃப்ட் முடிந்து வரும்போது டீக்கடை முன்னால் ஐந்து சைக்கிள்களுக்கும் ஸ்டாண்டு போட்டோம். பெஞ்சு நிறைய ஆட்கள். வரிசையாக நின்று பார்க்க ஆரம்பித்தோம். கோபப்படவில்லை, திட்டவில்லை. வேலையில் பார்ப்பதுபோலவே, ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும், மேலும் கீழும், அவசரமில்லாமல் பார்த்தோம். முதலில் பாட்டு நின்றது. டீக்கடைக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா வோணும்?"

"ஒண்ணியும் வேணாண்ணா. சும்மா பாத்துகினு கீறோம். நீ டீய ஆத்து" என்றாள் காஞ்சனாக்கா.

ஏகாம்பரத்தின் முறை வந்தது. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கழுத்தில் வேர்க்குரு. அவன் என்னைப் பார்க்கவில்லை, நான் அவனைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டான்! அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. "ரிஜெக்ட்" என்றாள் காஞ்சனாக்கா, சூப்பர்வைசரிடம் சொல்கிற அதே குரலில். அடுத்தவன் தன் முறை வரும்வரை காத்திருக்காமல் எழுந்து போய்விட்டான்.

பெஞ்சின் கடைசியில் ஒருவன் செய்தித்தாளை உயரத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்திருந்தான். "பேப்பர எறக்குபா" என்றாள் அவள். இறங்கியது. என் அண்ணன் அந்தோணி. டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள் என்று அவன் சொன்னபோது, நீ எங்கே உட்கார்ந்து கேட்டாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே. அவனும் அந்தப் பெஞ்சுதான். மற்ற வீட்டுப் பெண்கள் போகும்போது அவன் கண்ணும் அங்கேதான் இருந்திருக்கும். நான் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். காஞ்சனாக்கா மெல்ல, "இது உன் பீஸு, மேரி" என்றாள்.

பார்த்தேன். எல்லோரையும் பார்த்த அளவுக்கு, ஒரு துளி கூட்டாமல் குறைக்காமல் பார்த்தேன். அவன் தலை தானாகக் குனிந்தது. "ரீவொர்க்" என்றேன். எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து வீடு வந்தேன்.

அண்ணன் அதற்குப் பிறகு வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சில நாள் கழித்து என் சைக்கிள் செயினுக்கு யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. ஏகாம்பரம் திருந்திவிட்டானா என்றால், அதெல்லாம் இல்லை. எங்களைக் கண்டால் டீ கிளாஸுக்குள் கண்ணைப் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். எனக்கு அது போதும். கல்யாணமாகி இங்கே வரும்வரை அந்த டியூப் லைட்டின் கீழ்தான் இருந்தேன். அந்தப் பகலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அப்படிப்பட்ட பார்வை ஏன் இங்கே எடுபடவில்லை என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பார்வைக்குத் தான் செய்வது தப்பு என்று உள்ளுக்குள் தெரியும். அதனால்தான் திருப்பிப் பார்த்ததும் ஒடிந்தது. இங்குள்ள பார்வைக்கு அது தெரியாது. என்னோடு வேலை செய்யும் காரின் என்கிற ஜெர்மன்காரி ஒவ்வொரு கோடை விடுமுறை முடிந்ததும் வெயிலில் காய்ந்த தன் கையை என் கையோடு ஒட்டி வைத்து, "பார், உன் நிறத்தை எட்டிப் பிடித்துவிட்டேன்!" என்பாள். அவளுக்கு இரண்டு வாரத்தில் வந்து போகிற நிறத்துக்காக நான் எத்தனை நாள் தலை குனிந்து சைக்கிள் மிதித்தேன் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒருமுறை சொன்னேன். "ஆனால் இது எவ்வளவு அழகான நிறம்!" என்றாள், ஆறுதலாக. நல்லவள்தான். நான் கேட்டது அழகு அல்ல என்பது மட்டும் அவளுக்கு எட்டவில்லை.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது கூட்டுரோட்டில் ஆட்டோவுக்காக நின்றேன். எங்கே பார்த்தாலும் கம்பெனி. வல்லம் வடகால் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக எதிர்ப்பக்க நிழற்குடையில் சீருடை போட்ட பெண்கள் காத்திருந்தார்கள். வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள், சின்னக் கண்ணும் வெளுத்த முகமுமாக. என் பக்கத்தில் பைக்கில் சாய்ந்திருந்த ஒருவன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உரிமையோடு என் பக்கம் திரும்பினான். "சைனா பொம்ம மாதிரி கீதுங்க இல்ல ஆன்ட்டி?"

இத்தனை வருடத்தில் எந்த ஊரிலும் பார்க்கிறவர்கள் பக்கம் என்னை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. "நீ எந்த ஊரு தம்பி?" என்று கேட்டேன். "சேரப்பணஞ்சேரி" என்றான். "நான் மண்ணூரு. அதுங்க வேலைக்கி வந்த புள்ளைங்க. கண்ண எறக்கு" என்றேன். என் கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவில்லை. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

நான் சாலையைக் கடந்து நிழற்குடைக்குப் போனேன். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு, இவள் யாரோ என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். ஓரத்தில் இருந்தவள் உடைந்த தமிழில், "அக்கா எந்த ஊர்?" என்றாள்.

நான் பிறந்த மண்ணூர் என் முதுகுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"வெளியூர்தாம்மா" என்றேன். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.