பெரியம்மாவின் கம்மலுக்கு மை போட்டது

நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்த பிள்ளை கண்ணுக்குத்தான் மையில் திருடின ஆள் தெரியும் என்பார்கள். அதனால்தான் பெரியம்மாவின் கம்மல் காணாமல் போனபோது என்னைக் குளிப்பாட்டி மணையில் உட்கார வைத்தார்கள்.

சந்தேகம் சித்தி மேல். சித்தப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. பிரிண்டருக்கு ஊசியால் மை ஏற்றி ஏற்றி விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும்.

"பாத்தியா கைய? மை வெச்சுதான் எங் கொழுந்தன மயக்கினா. கம்மல எடுக்க மாட்டாளா?" என்றாள் பெரியம்மா.

"அக்கா, இது பிரிண்டர் மை. சோப்பு போட்டாலும் போவல," என்றாள் சித்தி.

"மைக்கு இங்கிலீசுல வேற பேரு வெச்சிட்டாளாம்."

மையில் சித்தி தெரிந்தால் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. சித்தி பையைக் கட்டி வைத்துவிட்டாள். அவள் போகக் கூடாது எனக்கு. கம்ப்யூட்டரில் படம் போட விடுகிறவள் அவள் ஒருத்திதான்.

மை போடுகிறவர் மேல்மலையனூர் பக்கத்து ஆள். "மை பொய் சொல்லாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வெற்றிலையில் கெட்டியாக மை தடவி, எண்ணெய் விட்டு, என் கையில் கொடுத்தார். கற்பூரம் ஏற்றினார். பெரியம்மா என் தோளுக்கு மேல் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தெரியுது பாப்பா?" என்றார் மை போடுகிறவர்.

"ஒண்ணும் தெரியல."

"நல்லா பாரு. மையில மொதல்ல அனுமார் வந்து எடத்த பெருக்குவாரு. அப்புறம் ஒரு உருவம் வரும். பொம்பளையா?"

பார்த்தேன். கரண்ட் போன கம்ப்யூட்டர் மாதிரி கறுப்பாக மின்னியது. என் மூக்கு தெரிந்தது. அதற்கு மேலே இன்னொரு முகம்.

"பொம்பளதான்."

"சின்ன வயசா?" கண்ணாலேயே சித்தியைக் காட்டினார்.

"இல்ல. தல நரச்சிருக்குது. பெரிய பொட்டு."

"யாருன்னு சொல்லு!"

"பெரியம்மா."

சித்தப்பா சிரித்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான்.

"இன்னாங்க, மை பொய் சொல்லாதுன்னீங்களே?" என்றார் என் நைனா.

"சொல்லாது," என்றார் அந்த ஆள், முழித்துக்கொண்டு.

பெரியம்மா விடுவிடுவென்று உள்ளே போனாள். கம்மலோடு வந்தாள். "அரிசி டப்பாவுல கெடக்குது. எப்பிடி வுழுந்துச்சோ," என்றாள்.

சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். சாயங்காலம் சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவலூர்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து மை பார்க்க என்னைக் கேட்டார்கள். தெருவில் என் நடையே மாறிவிட்டது.

அந்த அரிசி டப்பாவையும் சேர்த்து வீடு பூராவும் நாங்கள் கவிழ்த்துத் தேடியிருந்தோம். பெரியம்மா தேடவே இல்லை. நேராகப் போனாள், எடுத்து வந்தாள். மைக்கு அவ்வளவு சக்தி என்றுதான் நான் நினைத்தேன்.