தானே ஓடும் பம்ப்பும் நானும்

நேற்று கண்டியில் அடித்த மழையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தூங்கினேன்! இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா... கேளுங்கள்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்க, மனைவி ராணியின் தம்பி செல்வமும் நானும் சேர்ந்து ஒரு சின்ன போட் வைத்திருக்கிறோம். மழை பெய்தால் அடியில் தண்ணீர் தேங்கும். விட்டால் மூழ்கும். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற எனக்கு இது போதாதா? கண்டியில் தூறினாலே நீர்த்தேக்கப் பக்கம் போகிற தெல்தெனிய பஸ்ஸில் ஏறிவிடுவேன் — வாளியோடு.

போன மாதம் ராணி முடிவாகச் சொன்னாள்.

"இந்தாங்க, இனி மழைக்கு வாளிய தூக்கினீங்க... போட்ட வித்துருவேன்!"

பயந்துபோய் ஆட்டோமேட்டிக் பம்ப் ஒன்று வாங்கினேன். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை உயரும். பம்ப் தானே ஓடி இறைத்துவிடும். வயரிங் என் கைவேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், பெட்டியில் இருந்த படம் புரிந்தது. ஆனால் அதில் பம்ப்பின் வயர் நேரே பெட்டரிக்குப் போனது. ஆளில்லாத போட்டில் கரண்டா? தீப்பிடித்தால்? மெயின் சுவிட்ச் வழியாக வருகிற மாதிரி மாற்றிவிட்டேன்.

அடுத்த மழை. மனம் கேட்காமல் ஓடினேன். பம்ப் புத்தம் புதிதாக மின்னியது — முழங்கால் தண்ணீருக்கு அடியில்!

போன தரம் கரையேறும்போது மெயின் சுவிட்சை அணைத்தது யார்? நான்தான். அணைத்துவிட்டு இரண்டு தரம் சரிபார்த்தும் இருந்தேன்.

செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், காவலுக்கு ஆள வச்சிட்டு, அவன் கையக் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கீங்களே!"

ஞாயிற்றுக்கிழமை ராணியும் வந்தாள், போட்டுக்குக் கடைசியாக டாட்டா காட்ட. அவள் கண்முன்னே வயரைப் பிரித்தேன். நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, படத்தில் இருந்தபடி நேரே பெட்டரியில் கொடுத்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். செல்வம் போட்டுக்குள் தண்ணீர் ஊற்றினான் — இத்தனை நாள் இறைத்த அதே வாளியால்!

ஒரு வாளி... இன்னொரு வாளி... சத்தமே இல்லை. ராணி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"கிர்ர்ர்..."

போட்டின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து பீச்சியடித்த தண்ணீர், கரையில் நின்ற ராணியின் சேலையில்! செல்வம் ஓட இடம் தேடினான். அவளோ சிரிக்கத் தொடங்கினாள்.

"விக்க வேணாங்க. நல்லாத்தான் துப்புது!"

நேற்று மழை கொட்டியபோது அவளே கேட்டாள், "கெளம்பலையா?"

"எதுக்கு?" என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் செல்வம் கரையிலிருந்து எனக்குப் போன் எடுத்தான். "போட் ஜம்முனு மெதக்குது மச்சான். நீங்க?"

"நானும்தான்டா!"

பார்த்தீர்களா, நாம் கையை எடுத்தால்தான் சில விஷயங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. அடுப்படி கேஸை மட்டும் இன்னும் இரண்டு தரம் பார்க்கிறேன்... அதற்கு யாரும் மிதவை கண்டுபிடிக்கவில்லையே!