அப்பா மிச்சம் வைத்த கொலை

சண்டை ஓய்ந்து, கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் ஒஸ்லோவுக்கு வந்தார். நகரின் ஓரத்தில் ரொம்சோசில் இருந்த என் வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. வெளியே பனி. அவரோ ஒரு இடத்தில் இருக்கிற ஆளில்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து நான் வரும்வரை யன்னலடியில் நின்று போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் பின்னேரங்களில் அந்தப் பழைய ஆங்கிலத் தொடர் தொலைக்காட்சியில் போகத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. லண்டனில் ஒரு சூதாட்டக் கிளப். அதன் முதலாளியைச் சீட்டு மேசையிலேயே யாரோ கொன்றுவிடுகிறார்கள். அங்கே வருகிற எல்லார் மீதும் சந்தேகம். கீழே நோர்வேஜிய எழுத்து ஓடும். அப்பா ஆங்கிலத்தைக் கேட்பார், நான் எழுத்தை வாசிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு கதை வரும்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சீட்டாட்டம் முந்நூற்றி நாலு. அதில் நாங்கள் வீரன் என்கிற ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஆகவே மீசைக்காரன் ஒருவன் கை நிறைய ஜாக்கை வைத்துக்கொண்டு முகம் வெளிறியபோது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல கை வந்தவன் ஏன் கொலை செய்யப்போகிறான், அவன் சுத்தமான ஆள் என்று அடித்துச் சொன்னார். அங்கே ராசா ஜாக்கை வெல்லும் என்று நான் விளக்கினால், வெள்ளைக்காரனுக்கு விளையாடத் தெரியாது என்பார். அந்த மனிசனோடு வாதாடி வெல்ல யாரால் முடியும்! நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

கடைசி அங்கம் போன நாள் அவருடைய சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். அதனால் அதை வீடியோ கசற்றில் பதிந்து வைத்தேன். மறுநாள் விமானத்துக்கு முன் பார்க்க நேரம் இருந்தது. நான் கசற்றைப் போடப்போக, அப்பா மறித்தார்.

“வை பிள்ளை. மிச்சத்தை நான் திரும்பி வந்து பாக்கிறன். நீயும் பாக்கப்படாது.”

அடுத்த முறை வருவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்பது அவருடைய எண்ணம். நானும் ஓம் என்றேன். அவர் போனபின், தனியே தேத்தண்ணி குடிக்கிற பின்னேரங்களில் எத்தனை முறை அந்தக் கசற்றைக் கையில் எடுத்திருப்பேன்! போட்டதில்லை. போட்டால் அவர் வராமல் போய்விடுவார் என்று ஒரு விசர்ப் பயம்.

திரும்பத் திரும்ப விசாவுக்கு விண்ணப்பித்தோம். ஒவ்வொரு முறையும் இல்லை என்றே பதில் வந்தது. வந்தால் ஊருக்குத் திரும்பமாட்டாராம். தன் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வாய்க்குப் பிடிக்காத மனிசனைப் பார்த்து! பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, பாதையும் மூடிவிட்டது.

ஒரு பின்னேரம் தொலைபேசியில் சுகம் விசாரித்து முடித்தபின், அப்பா மெல்லக் கேட்டார்.

“ஆர் பிள்ளை அந்தக் கொலையைச் செய்தது?”

நான் இன்னும் பார்க்கவில்லை, நீங்கள் வந்துதான் பார்க்கவேண்டும் என்று கோபமாகவே சொன்னேன்.

“எனக்காண்டிப் பாக்காமல் இருக்காதை. இப்ப போடு, நானும் கேக்கிறன்.”

கசற்றைப் போட்டு, தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு ஒட்டிப் பிடித்தேன். முகங்களை மட்டும் நான் சொன்னேன். கொன்றது மீசைக்காரன்தான். அப்பா கனநேரம் சிரித்தார். அதுவரை ஒவ்வொரு முறையும், படம் மிச்சம் கிடக்கு, வாங்கோ அப்பா என்றுதான் அவரைக் கூப்பிட்டு வந்தேன். அன்றைக்கு அவரைக் கூப்பிட எனக்கு ஒரு சாட்டும் இருக்கவில்லை.