பேனரில் மகள் வரைந்த ண

மார்ச், இரண்டாம் சனிக்கிழமை. வாட்ஸ்அப்பில் மகளின் குரல் செய்தி: "அப்பா, ண உள்ள இருக்கிற ஓட்டை அடைஞ்சு போகுது. ஸ்க்ரீன்ல சரியா தெரியல. பெருசா ப்ரிண்ட் பண்ணி, தூரத்துல நின்னு பாக்கணும்." கேட்டவுடன் தேதியோடு எழுதி வைத்தேன். தமிழைப் பற்றி அவளாக என்னிடம் பேசியது அதுவே முதல் முறை.

கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் எழுத்துரு வரைவது அவள் வேலை. அப்போது வரைந்துகொண்டிருந்தது கடைப் பலகைக்கும் சுவரொட்டித் தலைப்புக்குமான தடித்த எழுத்து. முனைகளெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும். ஆங்கிலத்தை முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்திருந்தாள். சிறு வயதில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி என்றாலே காரில் ஏற மாட்டேன் என்று அழுதவள். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவே ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு அவள் வந்து இரண்டு தீபாவளி கடந்திருந்தது.

ஏப்ரலில் அதே தமிழ்ப் பள்ளிக்கு ஆண்டு விழா. பேனர் என் பொறுப்பு.

"உன் எழுத்துலயே 'ஆண்டு விழா'ன்னு போடறேன். ண் நல்லா பெருசா வரும். வந்து பாக்கறியாம்மா?"

"ஷ்யூர்ப்பா, வரேன்."

அன்று மாலையே அவள் அறையைப் பெருக்கி, போர்வையைத் துவைத்துப் போட்டேன்.

விழாவன்று காலை பேனரை மாட்டும்போது, ஏணியைப் பிடித்திருந்த நண்பர் அண்ணாந்து பார்த்தார். "என்ன சார், எழுத்தெல்லாம் கல்யாண சாப்பாடு சாப்ட்ட மாதிரி குண்டா இருக்கு?"

"என் பொண்ணு வரைஞ்சது சார்."

"அதான பாத்தேன். அப்படியே உங்க ஜாடை," என்று என் வயிற்றைப் பார்த்தார்.

அவள் வரவில்லை. வேலையில் ஏதோ அவசரமாம். முந்தின நாள்தான் சொன்னாள். வீடியோ காலில் கூப்பிட்டாள். போனின் பின் கேமராவை பேனர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"பின்னாடி போங்கப்பா. இன்னும். இன்னும் கொஞ்சம்."

மேஜைகளுக்கு நடுவே பின்னாலேயே நடந்தேன். முதுகு சுவரில் முட்டியது.

"இதுக்கு மேல நியூ ஜெர்சி இல்லம்மா."

சிரித்தாள். திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். கண்களைச் சுருக்கி ண்-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் பார்வை கலைந்துவிடும் என்று போனை இன்னும் நேராகப் பிடித்தேன்.

"அடைஞ்சுதான் போகுது. உள் வளைவைப் பெருசாக்கணும்."

"கேமராவைத் திருப்பட்டுமா? என்னையும் கொஞ்சம் பாரேன்."

"ஒன் மினிட்ப்பா, அப்படியே புடிச்சுக்கோங்க."

கை வலித்தது. இறக்கவில்லை.

எழுத்துரு பிறகு வெளியாகிவிட்டது. ண்-இன் ஓட்டை இப்போது திறந்தே இருக்கிறது. அச்சடித்து, கூடத்தின் மறுகோடியில் நின்று பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். டிக்கெட் எடுத்துவிட்டாளா என்பது, இதை எழுதும் இன்று வரை, உறுதியாகத் தெரியவில்லை.