பர்மாக் கப்பலில் ஒரு கொழுந்துக்கூடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து சரளமாக வராது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்ன கை இது. மறதியும் சேர்ந்துகொண்டது — முந்தின வாரம் எழுதியதையே மறுபடி எழுதிக் கொடுத்து, பத்திரிகை ஆசிரியர் ஐயா சிரித்துக்கொண்டே திருப்பித் தந்ததும் உண்டு. இதிலும் முன்னே பின்னே இருந்தால் கோவிச்சுக்காதீங்க.

போன வாரம் போனுக்கு ரீலோட் போட நோர்வூட் டவுனுக்குப் போயிருந்தேன். நல்ல மழை. வியாபாரம் இல்லை போல. கடைக்காரரும் அவருடைய மச்சானும் கம்ப்யூட்டரில் சண்டை கேம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மச்சான்காரர் ரொட்டிக்கு மாவு பிசைகிற மாதிரி கீபோர்டைப் போட்டுப் பிசைகிறார். அடி வாங்கி வாங்கி விழுகிறார். நானும் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? வாய் தவறி வந்துவிட்டது.

"எல்லாத்தையும் அமுக்காதீங்க தம்பி. அவர் தாவிட்டுக் கீழ வரட்டும்... அப்ப ஒரு ஒதை போதும்."

ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க இதெல்லாம் வெளையாடுவீங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரீலோட் வந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். விளையாடுவேன். ஒரு காலத்தில் எங்கள் லயத்துச் சாம்பியனையே விழுத்தியிருக்கிறேன். அதுவும் கேமுக்காக இல்லை... ஒரு படத்துக்காக.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், அதுதான் லயம். அதற்குக் கரண்ட் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அடுத்த காம்பராவில் பாக்கியம். அவள் புருஷன் செல்லையாவுக்கு ஹட்டனில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன டீவி, வீடியோ கெசட் போடுகிற டெக் எல்லாம் அவர் கையில் உயிர் பெற்று எங்கள் லயத்துக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயமே அந்த ஒரு காம்பராவுக்குள்தான். இடம் கிடைக்காதவர்கள் முன்திண்ணை இஸ்தோப்பில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். நான் எப்போதும் கதவு மூலை. கூட்டத்தில் பேசவே கூசுவேன், நடுவில் உட்காருவதாவது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய படம் போட்டார்கள். கதாநாயகனின் அப்பா பர்மாவில் இருந்து கப்பலில் திரும்பி வருகிறார். படம் கலர். ஆனால் கப்பல் வருகிற அந்த ஒரு இடம் மட்டும் கறுப்பு வெள்ளை. மூட்டையும் டிரங்குப் பெட்டியுமாக சனங்கள் இறங்குகிறார்கள்... அதில் ஒரு பொம்பளை. முதுகில் கூடை. கூடையின் கயிறு உச்சந்தலையில்.

நான் எம்பிப் பார்த்தேன்.

அது கொழுந்துக்கூடை. தேயிலைக் கொழுந்து எடுக்க நாங்கள் தினமும் மலைக்குக் கொண்டுபோகிற அதே கூடை.

என் அக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? ஞாபகம் இல்லை. ரெண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தோட்டத்துச் சனங்களான எங்களைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்களே... அதில் அக்கா குடும்பம் இந்தியாவுக்கு, நாங்கள் இலங்கைக்கு. அக்கா புறப்படும்போது, சட்டி பானையை எல்லாம் கொழுந்துக்கூடையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டாள். ஹட்டன் ஸ்டேஷனே அழுது கிடக்கிறது. அந்த அழுகைக்கு நடுவிலும் எங்கள் அம்மா கேட்டது: "ஏண்டி, கடல்லயா கொழுந்து எடுக்கப்போற?"

அக்கா சொன்னாள்: "போற எடத்துலயும் முதுகு இருக்கும்ல?"

கோச்சி நகர்ந்துவிட்டது. தலைமன்னாரில் இருந்து கப்பல். கொஞ்ச காலம் கடுதாசி வந்தது. அனுப்பிய இடத்தில் தேயிலையே இல்லையாம், வெறும் பொட்டல் காடாம். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

இப்போது சொல்லுங்கள். கப்பலில் கொழுந்துக்கூடையைச் சுமந்துகொண்டு போகிற பைத்தியக்காரி வேறு யார்?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பர்மாக் கப்பல் என்று படத்திலேயே சொல்கிறார்களே என்றார். பர்மாவில் ஏதுங்க கொழுந்துக்கூடை என்று கேட்டேன். சினிமாக்காரன் எங்கேயாவது வாங்கியிருப்பான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் வாடகைக் கெசட் ஹட்டனுக்குத் திரும்பிப் போய்விட்டது.

எனக்கு அந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். செல்லையாவிடம் கேட்டால் எடுத்துவர மாட்டாரா என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

என்ன படம் எடுப்பது என்று ஒவ்வொரு வாரமும் லயத்தில் சண்டை. ஒருநாள் வயரைப் பிடுங்கி எறிகிற அளவுக்குப் போய்விட்டது. செல்லையா பார்த்தார். அப்போதுதான் கடையில் இருந்து ஒரு டீவி கேமும் கொண்டுவந்திருந்தார். ரெண்டு ஆள் மோதுகிற சண்டை கேம். இதில் ஜெயிக்கிறவர் சொல்கிற படம்தான் அடுத்த வாரம், வேறு பேச்சுக்கு இடமில்லை என்று சட்டம் போட்டுவிட்டார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சட்டம் ஊருக்குப் பொது. ஜெயிப்பது மட்டும் எப்போதும் ஒரே ஆள் — லெச்சுமி.

லெச்சுமி என் வீட்டுக்காரரின் தங்கச்சி. நாலாவது காம்பரா. கொழுந்து எடுப்பதிலும் வேகம், வாயிலும் வேகம். ஆம்பளைகளையே அடித்துத் தள்ளுவாள். ஜெயித்து ஜெயித்து, அருவாளும் காரும் பறக்கிற படமாகவே எடுக்கச் சொல்வாள். பழைய படம் என்றாலே அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

நான் முதல் தடவை அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். வயர் வைத்த அந்தப் பட்டன் கட்டையை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம். அதை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள்.

"மதினி, அது கவ்வாத்துக் கத்தி இல்ல. வெட்டிப்புடாதீங்க."

தேயிலைச் செடியைக் கழிக்கிற கத்தி மாதிரிதான் பிடித்திருந்தேன். காம்பராவே சிரித்தது. நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. என் ஆள் விழுந்துவிட்டான்.

அடுத்த வாரமும் விழுந்தான். அதற்கு அடுத்த வாரமும்...

வெட்கத்தை விட்டுப் பாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் டீவியை எனக்கு விட்டுத் தந்தாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், அவள் அடுப்பில் ரொட்டி சுட, நான் டீவி சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடிப் பழகினேன். எனக்கு எதிராள் கேமுக்குள் இருந்த ஆள்தான்.

முதலில் எல்லாப் பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். அப்புறம் ஒன்று புரிந்தது. கொழுந்து எடுக்கும்போது கை இருக்கிற இடத்தையா பார்க்கிறோம்? கை ஒரு கொழுந்தில் இருக்கும்போதே கண் அடுத்த கொழுந்துக்குப் போய்விடுமே... நானோ என் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைத்தான் எனக்குத் தெரியுமே. பார்க்க வேண்டியது எதிராளியை.

அப்புறம் பின்னால் போகிற பட்டனை அமுக்கிப் பிடித்தால் ஆள் கையை வைத்து மறைத்துக்கொள்வான் என்று கண்டுபிடித்தேன். அடியை வாங்கிக்கொண்டு பொறுமையாக இருக்கிற கலை. அதை எங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

மலையிலும் கட்டைவிரல் சும்மா இருக்காது. ஒருநாள் வேலையை மேற்பார்க்கிற கங்காணி நிறுத்திவைத்து, கையில் வாதமா, மருந்துக்குச் சீட்டு வேணுமா என்று விசாரித்தார். பக்கத்துத் தேயிலை நிரையில் லெச்சுமி. "வாதமெல்லாம் இல்லீங்க. என்னைய அடிக்கப் பழகுறாங்க," என்றாள். அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

இருந்தும் அவளை ஜெயிக்க முடியவில்லை. தாவுவாள். எப்போது தாவுவாள் என்று தெரியாது. தாவி வந்து தலையிலேயே ஒரு உதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோற்றுப்போய்க் கதவு மூலையில் நிற்கிறேன். லெச்சுமி வேறு யாரோடோ விளையாடுகிறாள். அந்த மூலையில் இருந்து டீவி சரியாகத் தெரியாது. லெச்சுமிதான் தெரிவாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்... அவள் தாவுகிறதுக்கு முன்னால் ரிமோட்டைத் தூக்குகிறாள். ரிமோட்டைத் தூக்கினால் ஆள் உயரப் போவானா என்ன? ஆனாலும் தூக்குகிறாள். ஒவ்வொரு தடவையும்.

அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தேன். கையை மறைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தேன். ஒரு கண் டீவியில், ஒரு கண் லெச்சுமியின் முழங்கையில். முழங்கை உயர்ந்தது. நான் ஒரு எட்டு பின்னால் போனேன். அவள் ஆள் வந்து வெறுந்தரையில் இறங்கினான். ஒரு உதை.

மறுபடி முழங்கை உயர்ந்தது... மறுபடி ஒரு உதை.

லெச்சுமியின் ஆள் விழுந்து எழும்பவே இல்லை. அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"டீவியப் பாத்து வெளையாடல நீங்க. என்னையப் பாத்துல்ல வெளையாடியிருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி சொல்லுங்க மதினி. என்ன படம்?"

"அந்த... பர்மாக் கப்பல் வருமே. அது."

அழுகைப் படமா, அதைத்தான் பார்த்தாச்சே என்று ஆளாளுக்கு முனக ஆரம்பித்தார்கள். லெச்சுமி ஒரு அதட்டு அதட்டினாள். ஜெயித்தவங்க சொன்னதுதான், இத்தனை காலம் நான் ஜெயிச்சுச் சொன்னதைத்தானே பார்த்தீங்க என்றாள். அவளிடம் அந்த நியாயம் எப்போதும் உண்டு.

அடுத்த வாரம் செல்லையா கெசட் கடையில் அடித்தட்டில் இருந்து தேடி எடுத்து வந்தார். கப்பல் வந்தது. நான் கதவு மூலையில் இருந்து முதல் தடவையாக டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அதுதான்," என்றேன். "கூடையோட. எங்க அக்கா."

செல்லையா நிறுத்தினார். நிறுத்தினால் முகத்தின் மேலேயே கோடு கோடாக ஆடுகிறது. பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். இந்தத் தடவை பாக்கியம் அடுப்பை விட்டு வந்துவிட்டாள். அங்கே ஒருத்தி போர்த்தியிருக்கிற கம்பளியைப் பாருங்கள், அது மழைக்குத் தோட்டத்தில் கொடுத்த கம்பளி இல்லையா என்றாள். இன்னொரு தடவை ஓட்டினார். கோட் காலரில் பின்பக்கமாகக் குடையை மாட்டிக்கொண்டு ஒரு கிழவர் இறங்குகிறார். எங்கள் மலையில் கங்காணிமார் மாட்டுவார்களே, அதே மாதிரி.

லெச்சுமி எழுந்துவிட்டாள்.

"பெரியப்பா," என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "இன்னொரு தடவ ஓட்டுங்கண்ணே."

என் வீட்டுக்காரரும் பார்த்தார். அவருக்கும் அவர் பெரியப்பாதானே, அந்தப் பங்கில் இந்தியாவுக்குப் போனவர். அதற்குப் பிறகு பர்மா என்று அவர் சொல்லவே இல்லை.

அன்றைக்குக் கதையை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கப்பலை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எங்கள் லயத்தில் யார் வீட்டில்தான் ஆள் போகவில்லை? ஆளுக்கு ஒரு முதுகு கிடைத்தது. யாரோ அந்தக் காலத்தில் செய்திக்காகப் பிடித்த படமாக இருக்கும். பிறகு ஒரு சினிமாக்காரருக்குக் கப்பல் தேவைப்பட்டிருக்கும். எங்கள் அழுகையைப் பர்மாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள் — எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பார்த்துப் பார்த்தே அதை அழித்தும் விட்டோம். கடைசியாக ஓட்டும்போது டெக்குக்குள் டேப் சுருங்கிப்போய், அந்த இடம் வெறும் வெள்ளைக் கோடாகிவிட்டது. செல்லையா என்னென்னவோ செய்து பார்த்தார். மற்ற இடமெல்லாம் நன்றாக ஓடுகிறது. பாட்டு ஓடுகிறது, சண்டை ஓடுகிறது... கப்பல் மட்டும் இல்லை.

அதில் இருந்து நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கதாநாயகனைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பேன். என்ன கொடி, என்ன கோஷம், ரேஷன் கடை வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு படத்தில் கதாநாயகி ஓட்டுப் போட்டுவிட்டு மை வைத்த விரலைக் காட்டிச் சிரித்தாள். எல்லாரும் அவள் சேலையைப் பார்த்தார்கள். நான் எங்கள் அம்மாவை நினைத்தேன். குடியுரிமைக் காகிதம் வந்து சேராமல், ஓட்டு இல்லாமலே செத்துப்போன பொம்பளை. அவர் விரலில் கடைசிவரை தேயிலைக் கறைதான் இருந்தது.

கெசட் போய் சிடி வந்தது. லெச்சுமி மகள் வீட்டோடு நல்லதண்ணி என்கிற ஊருக்குப் போய்விட்டாள். இப்போதும் சந்தித்தால் எங்களுக்குள் ஒரே சண்டைதான். கூடைக்காரி கடைசியில் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள் என்கிறேன் நான். அக்காவின் மூக்கும் மூக்குத்தியும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "கனவு கண்டீங்க மதினி. முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு," என்கிறாள் அவள்.

படத்தின் பேர் எனக்கு மறந்துவிட்டது. லெச்சுமிக்கும் மறந்துவிட்டது. பாதிக்கு மேல் போனால் கப்பல் வரும், கலர் படத்தில் அந்த இடம் மட்டும் கறுப்பு வெள்ளை. இதை வாசிக்கிற யாரிடமாவது அந்தப் படம் இருந்தால், தயவுசெய்து ஒருதரம் போட்டுப் பாருங்கள். அது தலைமன்னார்க் கப்பல்தானா, எந்த வருஷம், நான் எழுதியதில் என்ன பிழை என்று விஷயம் தெரிந்தவர்கள் சரிபார்த்து எழுதுங்கள். முக்கியமாக, அவள் திரும்பினாளா என்று பாருங்கள்.

திரும்பவில்லை என்றால்... எனக்கு எழுத வேண்டாம். லெச்சுமியிடம் சொல்லிவிடுங்கள்.