கொடிக்கயிற்றில் தார் முடிச்சு

கே.கே. நகரில் என் தெருவில் இந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு என்னைத்தான் கொடியேற்றச் சொன்னார்கள். சொல்லாமல் இருப்பார்களா? ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இன்று நான்கு லாரிக்குச் சொந்தக்காரன். ஆனால் கொடிக்குள் வைத்து மடிக்க ரோஜா இதழ் கொண்டுவந்தார்களே, அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பழைய பஸ் ஷெட் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முசிறிக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் தினக்கூலி க்ளீனர். பஸ் கூரையில் வாழைத்தார் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தப் பள்ளத்தில் வண்டி விழுந்தாலும் ஒரு தார் நகராது. அந்தத் திமிரில்தான், பஸ் ஷெட்டில் சுதந்திர தினம் வந்தபோது, "கொடிய நான் கட்டறேங்க" என்று முந்திக்கொண்டேன். முதலாளியும், "விழா முடியட்டும், உன்னை நிரந்தர ஆளா எழுதிடறேன்" என்றார். அப்பா இல்லாத வீடு. அந்த வார்த்தையைத்தான் அம்மா நம்பியிருந்தாள்.

கொடியேற்ற ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். எலும்பும் தோலுமாகக் கதர் வேட்டியில் நின்றார். பொட்டலம் மாதிரி மடித்துக் கட்டிய கொடி கம்பத்தின் உச்சியில் காத்திருந்தது. கயிற்றை இழுத்தார். விரியவில்லை. மறுபடி இழுத்தார். கம்பம்தான் ஆடியது, ஒரு இதழ் உதிரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடிக்குப் போட வேண்டியது சுண்டினால் அவிழ்கிற முடிச்சு. என் கை பழக்க தோஷத்தில் தார் முடிச்சைப் போட்டிருக்கிறது. இழுக்க இழுக்க இறுகுகிற ஜாதி அது.

"பெரியவருக்குக் காலையில ரெண்டு இட்லி குடுத்துக் கூட்டியாந்திருக்கலாம்" என்றான் பின்னால் நின்ற மெக்கானிக். நாலு பேர் சிரித்தார்கள். அவர் காதில் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவை உடம்பே தொங்குகிற மாதிரி இழுத்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, "மன்னிக்கணும். கையில பலமே இல்லை" என்றார்.

"வயசாயிடுச்சில்லீங்களா, பரவாயில்லைங்க" என்று முதலாளி கொடியை இறக்கச் சொன்னார்.

இறக்கிய எங்கள் பஸ் டிரைவர் அண்ணன் முடிச்சைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டே, "தார் முடிச்சாடா போட்டே?" என்று முணுமுணுத்தார்.

"சொல்லிடட்டாண்ணே?"

"சொன்னியோ, இன்னியோட பஸ்ஸ விட்டு எறங்கிடு. வாய மூடிக்கிட்டு நில்லு."

நின்றேன். சத்திரத்தில் நின்று நான் ஊர் பெயர் கூவினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரல் அன்று எழும்பவில்லை.

திருத்திக் கட்டி ஏற்றியதும் முதலாளி கயிற்றை நீட்டினார். "நீங்களே இழுங்கோ" என்று பெரியவர் ஒதுங்கிக்கொண்டார். கொடி விரிந்தது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவர் மட்டும் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷம் அவரை அழைக்க என்னையே அனுப்பினார்கள். உண்மையைச் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாசலிலேயே, "நான் அதுக்கு லாயக்கில்லைப்பா. தெம்பா இருக்கறவாளாப் பாத்துக் கூப்பிடுங்கோ" என்றார். "சரிங்கய்யா" என்று திரும்பிவிட்டேன்.

அந்த பஸ் கம்பெனி போய்விட்டது. ஷெட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். கூரையில் தார் ஏற்றுகிற பஸ்ஸும் இப்போது இல்லை. முதலாளி, டிரைவர் அண்ணன், அந்தப் பெரியவர், ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கையில் ஒரு குறையும் இல்லை என்று சாட்சி சொல்ல நான் ஒருவன் மிச்சம். கேட்க வேண்டியவர்தான் இல்லை.