லஞ்ச் ரூம் சுவரில் இரண்டு படங்கள்

புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் பேக்கரியின் லஞ்ச் ரூம் சுவரில், கிற்றாருடன் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் படம் இருக்கிறது. ராக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்துப் பாடகர். விமானம் விழுந்து இளவயதிலேயே இறந்தவர்.

ஒட்டியவர் எங்கள் சூப்பர்வைசர் அண்ணை. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான்.

"ஐம்பது வருசமாச்சு தங்கச்சி. வாழவேண்டிய பெடியன்" என்று சொல்லும்போது இன்னும் அவருக்குக் கண் கலங்கும்.

இன்று காலை அதற்குப் பக்கத்தில் என் தம்பியின் படத்தை ஒட்டினேன். போன கிழமை முள்ளிவாய்க்காலில் செத்தவன். பாடகர் செத்த வயதுதான் அவனுக்கும்.

மதியம் போனால் சுவரில் அவன் இல்லை. அண்ணை படத்தை ஒரு கவரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"குறை நினையாதையும். இஞ்சை அரசியல் வேண்டாம். வெள்ளையள் என்ன நினைப்பாங்கள்?"

"இதிலை என்ன அரசியல் அண்ணை? கொடியே பிடிச்சிருக்கிறான்? ரியூசனுக்குப் போற சைக்கிளோடை நிக்கிறான்."

"உமக்கு விளங்காது. அவர் பிளேன் விழுந்து செத்தவர்."

"இவனுக்கு மேலை பிளேனிலையிருந்துதான் விழுந்தது."

அண்ணை ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

வேலை முடிந்து, படத்தைத் திரும்ப ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். இந்த முறை பாடகருக்கு மேலே. நாளைக்குக் கழற்றினால் நாளைக்கும் ஒட்டுவேன்.

செத்து எத்தனை வருடம் போனால் ஒருவன் அரசியல் இல்லாமல், வாழவேண்டிய பெடியன் ஆவான்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அண்ணையும் என் பிரெண்ட் லிஸ்டில்தான் இருக்கிறார். அவரும் எழுதலாம்.